யூரியாவைத் தின்பது யார்?

ஆண்டுதோறும் ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. கூண்டிலே நிற்பவன் உழவன். யூரியாவை அள்ளி அள்ளிக் கொட்டுகிறான் என்பது முதல் குற்றம். மண்ணைக் கெடுக்கிறான் என்பது இரண்டாவது. அரசாங்கம் தரும் மானியத்தை வாய்க்காலிலே கரைத்துவிடுகிறான் என்பது மூன்றாவது. வாசிப்பவர்கள் டில்லியிலே இருக்கிறார்கள். சென்னையிலும் சிலர் இருக்கிறார்கள். வயலில் கால் வைத்துப் பல காலம் ஆனவர்கள் உண்டு; வைத்தே அறியாதவர்களும் உண்டு.

குற்றச்சாட்டு முழுப்பொய் என்று வாதாட நாம் வரவில்லை. தேவைக்கு மேல் யூரியா விழுகிறது என்பது மெய்தான். ஆனால் வழக்கு நடத்துகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை. விழுந்த யூரியாவைத் தின்றது யார்? நெற்பயிரா?

நெற்பயிர் அதிலே தின்றது சிறு பங்கு. தண்ணீர் கட்டிய வயலில் மேலே வீசப்படும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு. எஞ்சியதில் கொஞ்சம் மண்ணிலே தங்குகிறது. மற்றதெல்லாம் காற்றோடும் வடிகாலோடும் போய்விடுகிறது.

காவிரிப் படுகையில் சம்பாவுக்கு ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்து என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை; குறுவைக்கு 50 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே குறுவையின் 50 கிலோவை யூரியாவாகவே கொடுத்தால் 109 கிலோ. 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை மூட்டை. அதிலே ஒரு மூட்டைதான் பயிருக்குப் போய்ச் சேர்கிறதென்றால், மற்ற ஒன்றரை மூட்டையை உழவன் தன் தலையில் சுமந்துபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வருகிறான். அவனைப் பார்த்து, ‘ஏன் அதிகம் கொடுக்கிறாய்?’ என்று கேட்பது எளிது. குடத்திலே ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க என்ன செய்தீர்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நன்செய்ச் சேறு கண்ணுக்கு ஒரே சேறாகத்தான் தெரியும். உள்ளே அது இரண்டு நாடு. மேலே, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய ஏடு. அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அங்கே பிராணவாயு உண்டு; நிறம் பழுப்பு. அதற்குக் கீழே பிராணவாயு இல்லாத கருஞ்சேறு. அம்மோனியமாக இருக்கும் தழைச்சத்து கருஞ்சேற்றிலே விழுந்தால் களிமண்ணைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். வேர் தேடி வந்து எடுத்துக்கொள்ளும். மேலேட்டிலே விழுந்தாலோ, அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டுக்கு மண்ணைப் பற்றிக்கொள்ளத் தெரியாது. தண்ணீரோடு கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குத் தவித்துக்கொண்டிருக்கின்றன. நைட்ரேட்டிலே உள்ளதைப் பறித்துக்கொண்டு, தழைச்சத்தை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. வாயு எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகிறது. அதைப் பிடித்து உப்பாக்க எரித்த எரிவாயுவின் செலவு மட்டும் நம் கணக்கிலே நிற்கிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த இரகசியம் அல்ல. ஷியோயிரி என்ற அறிஞரும் அவரைச் சேர்ந்த ஜப்பானிய மண்ணியல் ஆய்வாளர்களும் 1930-களிலும் 1940-களிலும் இதை ஆராய்ந்து, உரத்தை மேலே தூவாதீர்கள், சேற்றுக்குள் கலந்துவிடுங்கள் என்று தங்கள் நாட்டு உழவருக்குச் சொன்னார்கள். அந்த நாடு கேட்டது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. யூரியா தண்ணீரில் கரைந்ததும் சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. வயல் தண்ணீரிலே பாசி இருக்கிறது. பகலில், வெயிலில், அந்தப் பாசி தண்ணீரிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சுகிறது. உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. நடுப்பகலில் கார அமில நிலை 9-ஐத் தாண்டுவது உண்டு. இரவில் மறுபடியும் இறங்கிவிடும். அந்தப் பகல் நேரத்தில் தண்ணீரிலுள்ள அம்மோனியம், அம்மோனியா வாயுவாகிப் பறக்கிறது. காற்று வீசினால் இன்னும் வேகமாகப் பறக்கிறது. நட்டு இரண்டு மூன்று வாரம் ஆன வயலில் பயிர் இன்னும் தண்ணீரை மூடி நிழல் கட்டவில்லை. வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. அந்த வாரத்தில்தான் நம் உழவர் முதல் மேலுரம் வீசுகிறார். 1980-களில் பிலிப்பைன்ஸ் நாட்டிலே, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த இழப்பை வயலிலேயே அளந்து பார்த்தார்கள். சில இடங்களில் போட்டதில் ஏறத்தாழப் பாதி அம்மோனியாவாகவே போயிருந்தது.

ஆக, யூரியாவைத் தின்றவன் பெயர் கிடைத்துவிட்டது. மேலேட்டு நுண்ணுயிர் ஒருவன். நடுப்பகல் வெயில் ஒருவன். பிறகு ஏன் உழவன் மட்டும் கூண்டிலே நிற்கிறான்?

எந்த உரம் எந்த வயலுக்கு என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. ஆல்வாய்த் தொழிற்சாலை 1947-லும், சிந்திரித் தொழிற்சாலை 1951-லும் உற்பத்தி தொடங்கியபோது, அவை தந்தது அம்மோனியம் சல்பேட். நூற்றுக்கு 21 பங்கு தழைச்சத்து, கூடவே கந்தகம். சேற்றில் கலந்துவிட்டால் அப்படியே நிற்கும். யூரியாவைப் போல உருமாறும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. களர் நிலத்துக்கு இன்றும் அதுதான் நல்லது என்போம். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த, வடிகால் இல்லாத பழஞ்சேற்றில் அதன் கந்தகமே நஞ்சாகி வேரைக் கருக்குவதும் உண்டு. அம்மோனியம் குளோரைடும் நெல்லுக்கு ஏற்றதே. ஆயினும் உப்புக் காற்று வீசும் வேதாரண்யம் பக்கத்து நிலத்துக்கு மேலும் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பானேன்? கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டோ நன்செய்க்கு அடியுரமாக ஆகவே ஆகாது. அதன் தழைச்சத்தில் பாதி நைட்ரேட். தண்ணீர் கட்டிய மறுகணமே வழியனுப்பு விழா நடந்துவிடும்.

இத்தனை உரங்கள் இருந்தும் யூரியா மட்டும் எப்படி முடி சூடியது? நல்ல காரணமும் உண்டு. மூட்டைக்கு மூட்டை சல்பேட்டைவிட இருமடங்குக்கு மேல் சத்து. ஏற்றி இறக்கும் கூலி குறைவு. 1960-களில் தஞ்சையிலே தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது, ஆடுதுறையிலே ஏ.டி.டி. 27 பிறந்தது, உரத்துக்கு மறுமொழி சொல்லும் குட்டைப் பயிர்கள் வந்தன. நெய்வேலியில் 1966-லும், மணலியில் 1971-லும், தூத்துக்குடியில் 1975-லும் உர ஆலைகள் எழுந்தன. வயிற்றுப் பசி தீர்ந்ததில் யூரியாவுக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன்.

ஆனால் முடியை நிலைக்க வைத்தது விலை. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மணிச்சத்து உரத்துக்கும் சாம்பல்சத்து உரத்துக்கும் மானியத்தை ஒரு கட்டுக்குள் நிறுத்தி, விலையை அவிழ்த்துவிட்டார்கள். யூரியாவை மட்டும் பழைய கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் பொட்டாஷ் விலை மும்மடங்குக்கு மேல் ஏறியது. யூரியா விலையோ 2012-க்குப் பின் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. 2018-இல் வந்த 45 கிலோ மூட்டைக்கு, வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய் என்று விலை வைத்தார்கள். பக்கத்துக் கடையில் சோறு மலிவு, குழம்பு யானை விலை என்றால் ஏழை எதைத் தின்பான்? வெறுஞ்சோற்றைத்தான் தின்பான். தின்றுவிட்டு வந்தவனைப் பிடித்து, ‘சரிவிகித உணவு உண்ணத் தெரியாத மூடனே’ என்று ஏசுகிறார்கள்! சரிவிகிதத்தைக் கெடுத்தது அவன் கையா, விலைப்பட்டியலா?

இதைச் சொல்வதால், யூரியா விலையை ஏற்றிவிடுங்கள் என்று நாம் கேட்பதாக யாரும் திரித்துவிடவேண்டாம். நெல்லுக்கு நியாய விலை கிடைக்கும்வரை அந்தப் பேச்சு எழக்கூடாது. பொட்டாஷை உழவன் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்கிறோம்.

அரசாங்கத்தார் சும்மா இருந்துவிடவில்லை. 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்றார்கள். நல்லதுதான். மானிய யூரியா பிளைவுட் பசைத் தொழிலுக்குக் கள்ளத்தனமாகப் போவதற்கு அது ஒரு தடை. வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும், அதுவும் உண்மை. ஆனால் தேங்கிய தண்ணீரிலே வெயில் பறக்கவிடும் அம்மோனியாவை வேம்பு பிடித்து நிறுத்தாது. ஒரு கதவைச் சாத்தினார்கள். அகலமான கதவு திறந்தே கிடக்கிறது.

பிறகு மூட்டையைச் சுருக்கினார்கள். 50 கிலோ மூட்டை 45 கிலோவாயிற்று. உழவன் மூட்டைக் கணக்கில்தான் போடுகிறான், ஆகவே தானாகவே பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பது யோசனை. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! உழவனுக்கு மூட்டை எண்ணத் தெரியும், கிலோ கணக்குத் தெரியாது என்று எண்ணியவர்கள், அவன் அறிவை அளந்த படி எது என்று நமக்கு விளங்கவில்லை.

2021-இல் நானோ யூரியா வந்தது. அரை லிட்டர்ப் புட்டி ஒன்று, ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்று விளம்பரம் செய்தார்கள். கணக்கைப் பார்ப்போம். முதலில் வந்த திரவத்தில் தழைச்சத்து நூற்றுக்கு 4 பங்கு. அரை லிட்டரில் 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20 கிலோவுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு! பின்னர் நூற்றுக்கு 20 பங்கு என்று வலுவைக் கூட்டினார்கள். அப்போதும் புட்டிக்கு 100 கிராம்தான். ஒரு டன் நெல் விளைய ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தைப் பயிர் எடுக்கிறது. கிராம் கணக்கில் கொடுத்துவிட்டுக் கிலோ கணக்கில் எடுக்கும் வித்தையைப் பயிருக்கு யார் கற்றுக்கொடுப்பது? பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வயலிலே வைத்துப் பார்த்து, வழக்கமான உரத்தின் ஒரு பகுதியைக் குறைத்து இதைத் தெளித்தபோது விளைச்சல் குறைந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இலையில் தெளிக்கும் துணை மருந்தாக அதற்கு ஓர் இடம் இருக்கலாம். மூட்டைக்கு மாற்று என்பது வேறு பேச்சு. இதிலே வேடிக்கை, புட்டி வாங்கினால்தான் மூட்டை என்று சில கடைகளில் சொல்லுகிறார்களாம். உரத்தோடு வேறு சரக்கைக் கட்டி விற்கக்கூடாது என்று அரசாங்கமே எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை காகிதத்தில் இருக்கிறது, புட்டி மூட்டையோடு போகிறது.

சரி, ஓட்டையை அடைக்க வழி இல்லையா? இருக்கிறது. பழைய வழி, எளிய வழி, பல்கலைக்கழகத்தாரே சொல்லும் வழி.

அடியுரத்தைத் தண்ணீரில் வீசாதே. கடைசி உழவின்போது தண்ணீரை வடித்து, ஈரச் சேற்றில் போட்டுக் கலந்து, பரம்படித்து, பிறகு நீர் கட்டு. உரம் கருஞ்சேற்றுக்குள் இறங்கிவிடும். மேலுரம் போடும்போதும் தண்ணீரை வடித்துவிட்டுப் போடு; ஒரு நாள் கழித்து மெல்ல நீர் பாய்ச்சு; மேலே கிடந்த யூரியாவைத் தண்ணீரே சேற்றுக்குள் அழுத்திக்கொண்டு போகும். களைக்கருவி உருட்டும் வயலானால், யூரியாவைப் போட்டதும் கருவியை ஓட்டு. களையும் புதையும், உரமும் புதையும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல் நட்டபோது, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று நான்காகப் பிரி. ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்பிண்ணாக்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து போட்டால் சத்து மெல்ல மெல்ல இறங்கும்.

இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. கையகலப் பிளாஸ்டிக் அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை பத்து இலைகளை அதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். வெயில் நேராக விழாமல் தன் நிழலிலே பார்க்கவேண்டும். பத்தில் ஆறு இலை நான்காம் கட்டத்தைவிட வெளுத்திருந்தால் யூரியா போடு. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் கட்டம் போதும். வெளுக்கவில்லையா, வீட்டுக்குப் போ. பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டாரே என்று நீயும் போட வேண்டியதில்லை. இந்த அட்டையின் விலை ஒரு யூரியா மூட்டை விலையைவிட மிகக் குறைவு. இத்தனை ஆண்டுகளில் ஒவ்வொரு நெல் உழவன் வீட்டிலும் நாட்காட்டி போல அது தொங்கியிருக்கவேண்டாமா? விளக்கப் பண்ணைகளில் காட்டினார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள்.

அளவு மீறிய பச்சையிலே பெருமை ஏதுமில்லை. கரும்பச்சை வயலைத் தேடித்தான் புகையான் வருகிறது, இலைச்சுருட்டுப்புழு வருகிறது, குலைநோய் வருகிறது. தண்டு மென்மையாகிப் பயிர் சாய்கிறது. ஐப்பசி கார்த்திகையில் சாய்ந்த குறுவைக் கதிர் என்ன ஆகும் என்பதைக் கொள்முதல் நிலையத்து வாசலில் ஈர நெல்லோடு காத்துக் கிடந்தவரைக் கேளுங்கள். யூரியாவில் இழந்த காசைவிட மருந்திலும் ஈரப்பதத்திலும் இழப்பது அதிகம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ‘உழவர்களே, இதன்படி நடவுங்கள்’ என்று எழுதி முடித்துவிட்டால் நாமும் குற்றப்பத்திரிகை வாசிக்கும் கூட்டத்திலே சேர்ந்துவிடுவோம். ஏனென்றால், மேலே சொன்ன வழிகளை மறுபடியும் படித்துப் பாருங்கள். ‘தண்ணீரை வடித்துவிட்டுப் போடு.’ ‘ஒரு நாள் கழித்து நீர் பாய்ச்சு.’ யாருடைய தண்ணீர்? யார் கையில் மதகு?

கல்லணைக்கு அருகில், ஆற்றங்கரையோரம், ஆழ்குழாயும் வைத்திருப்பவருக்கு இது முடியும். வேண்டும்போது வடிப்பார், வேண்டும்போது நிரப்புவார். திருத்துறைப்பூண்டிக்கும் தலைஞாயிற்றுக்கும் வாருங்கள். கடைமடை. முறை வைத்து விடும் தண்ணீர் வந்தால் உண்டு. இன்று வந்ததை வடித்துவிட்டால் நாளை வரும் என்று யார் உறுதி சொல்வது? நிலத்தடியிலே உப்பு நீர். குழாய் போட்டும் பயனில்லை. வந்த தண்ணீரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பவனைப் பார்த்து, வடித்துவிட்டு உரம் போடு என்கிறோம். அவன் வடிக்கமாட்டான். நிற்கிற தண்ணீரிலேயே வீசுவான். பாதி பறக்கும் என்று அவனுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு படி கூடுதலாகவே வீசுகிறான். இதற்குப் பெயர் அறியாமையா? இருக்கிற நிலைமையில் அவன் கண்ட கணக்கு அது.

இன்னொன்று. நம் படுகையிலே பல ஊர்களில் வயலுக்கு வாய்க்கால் கிடையாது. வயலிலிருந்து வயலுக்குத்தான் தண்ணீர் பாய்கிறது. மேல் வயல்காரர் வரப்பை வெட்டித்தான் கீழ் வயல்காரர் குடிக்கவேண்டும். யூரியா, கரைந்து முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு மண்ணைப் பற்றாது. தண்ணீரோடு தண்ணீராக ஓடும். மேல் வயலில் காலையில் வீசியது மாலைக்குள் கீழ் வயலுக்குப் போய், அங்கிருந்து வடிகாலுக்குப் போகும். ஒருவன் பணம், இன்னொருவன் வரப்பு, மூன்றாவதாக ஆகாயத்தாமரைக்கு விருந்து! வயலுக்கு வயல் தனிக் கன்னி வாய்க்கால் வெட்டிக் கொடுக்காமல் உரச் சிக்கனம் பேசுவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு விற்பது போன்றது.

மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட அந்த நாளில் திறக்க முடியவில்லை. 2024-இல் திறந்தது ஜூலை 28. தண்ணீர் தள்ளிப் போனால் நடவு தள்ளிப் போகும். பலர் நாற்றையே விட்டுவிட்டுப் புழுதியில் நேரடியாக விதைக்கிறார்கள். அந்த வயலுக்கு நட்ட வயலின் உரக் கணக்கு பொருந்தாது. புழுதியில் அடியுரமாக யூரியா போட்டால், காய்ந்த மண்ணிலே அது நைட்ரேட்டாகிக் காத்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்து வயல் நிறைந்ததும் மொத்தமாகப் பறக்கும். மூன்று வாரப் பயிரான பின்தான் தழைச்சத்து தொடங்கவேண்டும். இந்த வேறுபாட்டை எத்தனை கூட்டுறவுச் சங்கங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்? பயிர்க்கடனோடு உரத்தையும் சேர்த்துத் தரும்போது, விதைப்புக்கு முன்பே மூட்டையை வீட்டிலே இறக்கிவிடுகிறார்கள். வீட்டிலே மூட்டை இருந்தால் வயலுக்குப் போகத்தானே செய்யும்?

வேண்டாதபோது கிடைப்பது, வேண்டும்போது கிடைப்பதில்லை. தூர் கட்டும் வாரம் ஒன்றுதான். கதிர் உருவாகும் வாரம் ஒன்றுதான். படுகை முழுவதற்கும் அந்த வாரம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. கப்பலும் சரக்கு ரயிலும் அந்த வாரத்துக்கு வந்து சேரவில்லையென்றால், அடுத்த பருவத்தில் உழவன் முன்னெச்சரிக்கையாக இரண்டு மூட்டை அதிகம் வாங்கிப் பரணிலே போடுவான். பஞ்சத்துக்குப் பயந்தவன் சேர்க்கும் அரிசி அது. குத்தகைக்கு உழுகிறவன் நிலையோ இன்னும் மோசம். வாய்ப்பேச்சுக் குத்தகை, சிட்டாவும் அடங்கலும் வேறொருவர் பெயரில். மண் பரிசோதனை அட்டை நிலத்துக்காரர் பேருக்கு வருகிறது. அவர் பட்டணத்திலே இருக்கிறார். அட்டை அவர் மேசையில். உரம் இவன் கையில்.

வெளியே என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தடையில்லை. வங்கதேசத்திலே யூரியாவை அழுத்தி இரண்டு மூன்று கிராம் எடையுள்ள உருண்டைகளாக்குகிறார்கள். ‘குட்டி யூரியா’ என்பது அங்கே வழங்கும் பெயர். அவர்கள் மொழியில் உருண்டையைக் குறிக்கும் சொல்லாம். நம் செவிக்கும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நட்டு ஒரு வாரத்தில், நான்கு குத்துக்கு நடுவே ஓர் உருண்டையை ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் சேற்றுக்குள் அழுத்திவிடுகிறார்கள். அந்தப் போகத்துக்கு அத்தோடு சரி. யூரியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். விளைச்சல் குறைவதில்லை, கூடுவதும் உண்டு. பாசிக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் உரம் கிடக்கிறது. வயல் விட்டு வயல் தண்ணீர் பாய்ந்தாலும் உருண்டை ஓடாது. கடைமடைக்கென்றே செய்தது போன்ற முறை!

ஆனால் குனிந்து குனிந்து ஆயிரக்கணக்கான உருண்டைகளை அழுத்துகிற முதுகு யாருடையது? நடவுப் பெண்களுடையது. நடவுக்கே ஆள் கிடைக்காத காலம் இது. அந்த முதுகுக்குக் கூலியும் வேண்டும். ஆகவே, வங்கதேசத்தை அப்படியே பெயர்த்து நடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஜப்பானிலே நடவு எந்திரத்தோடேயே உரம் இடும் கருவியைப் பொருத்தி, நாற்று வரிசையின் பக்கத்திலே சில சென்டிமீட்டர் ஆழத்தில் உரத்தை இறக்கிவிடுகிறார்கள். நம் ஊரிலும் நடவு எந்திரம் வந்துவிட்டது. அதற்கு மானியமும் கொடுக்கிறார்கள். அந்த மானியத்தோடு இந்தக் கருவியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எந்திர வாடகை மையங்களில் அதை வைத்தால், ஒரு மா, இரண்டு மா வைத்திருப்பவருக்கும் எட்டும். மூட்டைக்கு மூட்டை மானியம் கொடுத்துப் பாதியைப் பறக்கவிடுவதற்குப் பதில், அதிலே ஒரு துளியை உரத்தைப் புதைக்கும் கருவிக்குக் கொடுங்கள். கருவி பத்தாண்டு உழைக்கும்.

தழைச்சத்து என்றாலே மூட்டை என்று ஆக்கிவிட்டதும் ஒரு குறைதான். தக்கைப்பூண்டை விதைத்து, 45 நாளில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து சேற்றுக்குள்ளேயே சேர்கிறது; எந்த வெயிலும் அதை எளிதில் தொடாது. விதை நல்லதாக, சித்திரையிலேயே கிடைக்கவேண்டும். வைகாசி கடைசியில் வந்து இறங்கும் தக்கைப்பூண்டு விதையை வைத்துக்கொண்டு உழவன் என்ன செய்வான்? கோழிக்குப் போடுவானா?

டில்லியை மட்டும் குறை சொல்லி, சென்னைக்கு வாழ்த்துப் பாடுவது நம் நோக்கமல்ல. விலையும் மானியமும் டில்லியின் பொறுப்பு. கன்னி வாய்க்காலும், முறை வைக்கும் அட்டவணையும், கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கும், விரிவாக்க அலுவலர் இடமும் சென்னையின் பொறுப்பு. பல ஊர்களுக்கு ஓர் அலுவலர் என்று விட்டு, அவரையும் கணக்கெடுப்புக்கும் செயலிப் பதிவுக்கும் அனுப்பிவிட்டால், இலை வண்ண அட்டையை யார் வயலில் வைத்துக் காட்டுவது?

இப்போதைக்கு, பெரிய செலவில்லாத ஒன்றைக் கேட்கிறோம். வேளாண்மைத்துறைக்கு எந்தப் பகுதியில் எந்த வாரம் மேலுரம் போடும் வாரம் என்பது தெரியும். நீர்வளத்துறைக்கு எந்த வாய்க்காலில் எந்த நாள் முறை என்பது தெரியும். இந்த இரண்டு துறைகளும் ஒரே மேசையில் அமர்ந்து, இந்த நாள் வடியுங்கள், இந்த நாள் தண்ணீர் நிச்சயம் வரும், இடையில் உரம் போடுங்கள் என்று வாய்க்கால் வாரியாக ஒரு தாளில் எழுதட்டும். எழுதிய நாளில் தண்ணீரை விடட்டும். அந்தத் தாளைச் சம்பா நடவுக்கு முன் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்துச் சுவரிலும் ஒட்டட்டும். பசை வாங்கக் காசில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், கடைமடைக்காரர் கொடுத்துவிடுவார்.